பலர்பால்

சாட்ஸ்வொர்த்தில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை.
வெள்ளி இரவுகளில் அங்கே ஒரு கண்டம் எரியும்.
பழைய கதவைக் கழற்றி இரண்டு டிரம்மின்மேல் போட்ட கண்டம்.
மண்ணுக்குக் காய்ந்த தேயிலைத் தூள்,
ஆற்றுக்கு நெயில் பாலிஷ்.
பாலிஷ் என்னுடையது.

அன்று யாரும் பகடை உருட்டவில்லை.
புதிய விதிநூல் வந்திருந்தது.
நாற்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி:
சாம்பல் படையில் பெண்களும் எப்போதும் இருந்தார்கள்.

பிரெகி படையாச்சி அந்த வரியில் வைத்த விரலை
எடுக்கவே இல்லை.
"வரட்டும். யார் வேண்டாமென்றது?
இன்றைக்கு வந்தார்கள் என்று எழுது, கை தட்டுகிறேன்.
எப்போதும் என்றால்?
இருபத்திரண்டு வருஷம் நான் படித்த சகோதரர்கள்
யார் வீட்டுச் சகோதரர்கள்?"

கிரீசன் சிரித்தான்.
பன்னி சாவின் குழம்பு அவன் மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது.
"தளபதி தலையைக் கழற்றி ஜாடியில் வைத்துக்கொண்டு போர் நடத்துகிறான்,
அதை நம்புகிறீர்கள்.
ஹெல்மெட்டுக்குள் ஒருத்தி என்றால் மட்டும்..."
"அது கதை. இது திருத்தம்."
"உங்கள் பெயருக்கே வீட்டில் மூன்று பேரிடம்
மூன்று ஸ்பெல்லிங், அங்கிள்."
அறை சிரித்தது. பிரெகி சிரிக்கவில்லை.
அவர் சொன்னதில் ஏதோ நியாயம் இருந்தது.
அதை ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"நீ சொல்லு சலோஷ்ணி, உனக்குச் சந்தோஷம்தானே?"
எல்லாத் தலையும் திரும்பியது.
பதினோரு வருஷமாக அறையில் ஒரே ஒருத்தி,
ஆகவே மூன்றரைக் கோடிப் பேரின் பிரதிநிதி.
தண்ணீர் குடித்தேன்.

சண்டை நடந்தது இங்கிலீஷில்.
என் காதில் மட்டும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு:
இருந்தான், ஆண்பால்.
இருந்தாள், பெண்பால்.
இருந்தார்கள், பலர்பால்.
பலர்பாலுக்கு மீசை இல்லை, கொண்டையும் இல்லை.
அதற்குள் எத்தனை பேர் சத்தமில்லாமல் நின்றிருக்கலாம்
என்று டீச்சர் சொல்லித்தரவில்லை.

எட்டு மணிக்கு மின்வெட்டு, அட்டவணைப்படி.
இருட்டில் யாரோ முழங்கையால் இடிக்க
என் நான்காம் படைப்பிரிவு தரையில் கொட்டியது.
செல்போன் வெளிச்சங்கள் குனிந்தன.
பொறுக்கினான் கிரீசன்,
அடித்தட்டைத் திருப்பினான், வாசித்தான்:
"தோகோசிலே.
பிரேமிலா.
ருக்சானா.
இது என்ன?"

ஜேக்கப்ஸ் சட்டைத் தொழிற்சாலை, ஆறாம் வரிசை.
நான் காலர். பிரேமிலா கஃப்.
தோகோசிலே பட்டன் துளை, பாட்டோடு.
மூடிய அன்று கேட்டில் ஒட்டிய காகிதத்தில் பெயர்கள் இல்லை,
நூற்றுப் பதினான்கு யூனிட் குறைப்பு, அவ்வளவுதான்.
அந்த வாரம்தான் முதல் டப்பா வாங்கினேன்,
கடைசிச் சம்பளத்தில்.
டப்பாவின்மேலும் எழுதியிருந்தது: ஒரு யூனிட், பத்து வீரர்.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"கூட வேலை செய்தவர்கள்" என்றேன்.

"எப்போதிலிருந்து?" பிரெகி.
"முதல் நாளிலிருந்து."
"நாலு முறை கொன்றிருக்கிறேன் இவர்களை."
"ஆறு. தோகோசிலே இரண்டு தடவை தப்பினாள்."

அவர் விதிநூலைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.
"இருந்தாலும் அந்த வரி பொய்."
"ஆமாம்" என்றேன்.
பதினோரு வருஷம் வெள்ளை மையில் ஒளித்ததை
சம்பளத்துக்கு எழுதும் ஒருவன்
ஒரு காற்புள்ளிகூடச் செலவழிக்காமல்
எப்போதும் என்றுவிட்டான்.
கோபமா, பொறாமையா, தெரியவில்லை.
சந்தோஷமும் கொஞ்சம்.

டார்ச் வெளிச்சத்தில் ஆட்டம் தொடங்கினோம்.
சுவரில் ஒவ்வொரு பொம்மையும் ஆறடி,
தோளும் ஹெல்மெட்டும்தான்,
யாரென்று சொல்ல முடியாது.

எனக்கு விழுந்தது ஒன்று. தோகோசிலே செத்தாள்.
வழக்கமாகப் பிரெகி விரலால் சுண்டித் தள்ளுவார்.
அன்று இரண்டு விரலால் பிடித்து
ஆற்றங்கரையில் படுக்கவைத்தார்,
அடித்தட்டு என் பக்கம் பார்த்தபடி.

"உன் முறை" என்றார்.