நிலை: மோசம்

ஜூலை பிறந்தால் மூன்று நாள்,
நெப்ராஸ்காவில் எங்கள் கவுண்டி அலுவலகத்தின்
ஜன்னலில்லாத கீழ்த்தள அறையில்
மக்கள் தங்கள் வீடுகளை வைவார்கள்.
ஆளுக்குப் பத்து நிமிடம்.
குறிப்பெடுப்பது என் வேலை.

கூரை ஒழுகுகிறது என்பார்கள்.
அஸ்திவாரத்தில் கை நுழையும் விரிசல், இதோ படம்.
சுவரெல்லாம் பூஞ்சை,
கிணற்று நீரில் நைட்ரேட்,
காற்று திரும்பினால் பன்றிப் பண்ணை வாடை.
போன ஈஸ்டருக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்துப்போய்
புதுச் சமையலறையைக் காட்டிய ஜோலீன் வாவ்ரா
இன்று அந்த அலமாரிகள்
வெறும் அட்டை என்று சத்தியம் செய்கிறாள்.
காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.
பொன்னுக்கு வரி என்றால்
காக்கை என்ன சொல்லும்?
கரி என்று சொல்லும்.

தலைவர் டுவெய்ன் ப்ரோக்கோப் ஒவ்வொருவரிடமும்
ஒரே பாடத்தை ஒப்பிப்பார்:
மதிப்பு வேறு, வரி வேறு.
பள்ளிக்கு இவ்வளவு, பாலத்துக்கு இவ்வளவு,
தீயணைப்பு வண்டிக்கு இவ்வளவு என்று
செலவுக் கணக்குதான் முதலில் வரும்.
அதை எல்லார் சொத்து மதிப்பின் மேலும் பரப்பினால்
நூறு டாலருக்கு ஒரு டாலர் ஐம்பத்தெட்டு சென்ட்.
உன் பங்கு குறைந்தால்
அடுத்தவன் பங்கு கூடும், அவ்வளவுதான்.

தலையாட்டுவார்கள்.
பிறகு கூரைப் படத்தை மறுபடி நீட்டுவார்கள்.
எனக்கே பதினோரு வருடம் கேட்டபிறகுதான் புரிந்தது,
ஒருநாள் பாத்திரம் கழுவும்போது.

இரண்டாம் நாள், மூன்று மணிக்கு மேல்
ஆல்வின் துமா வந்தார்.
ஊருக்கு வடக்கே பதினான்கு மைல்,
சரளைச் சாலை முடிகிற இடம்.
ஒரு காதில் மட்டும் கருவி.
படமில்லை, வக்கீலில்லை.
சட்டைப் பையில் நான்காய் மடித்த தாள்,
ஐம்பது சென்ட் கொடுத்து வாங்கிய
அவர் வீட்டுப் பதிவு அட்டையின் நகல்.

இதில் ஒரு வார்த்தை, என்றார்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி, சரி.
கட்டிய வருடம் எழுபத்து நாலு, சரி.
நிலை: மோசம்.
யார் எழுதினது?

மதிப்பிடப் போயிருந்த கீத்
நாற்காலியில் நெளிந்தான்.
அன்று அவன் காரை விட்டு இறங்கவேயில்லை.
நாய் இருந்தது.

வடக்குச் சுவரில் பெயின்ட் உரிந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.
உள்ளே வந்து பாருங்கள், ஒரு கதவு உராயாது.
படியில் ஒரு பலகை முனகாது.
ஒவ்வோர் ஆணியும் நான் அடித்தது.
வளைந்ததை நிமிர்த்தி அடிக்கவில்லை,
புதுசு வாங்கி அடித்தேன்.
அந்த வார்த்தையை எடுக்கணும்.

ப்ரோக்கோப் குரலைத் தாழ்த்தினார்.
எடுத்தால் ‘சராசரி’ என்று ஆகும், ஆல்வின்.
ஆனால் பதிமூவாயிரத்து ஐந்நூறு ஏறும்.
கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.
வருடத்துக்கு இருநூற்றுப் பதிமூன்று டாலர் முப்பது சென்ட்,
என்று படித்தேன்.
கருவியுள்ள காதைத் திருப்பினார்.
இன்னொரு தரம் படித்தேன்.

உதடு அசைந்தது.
பனிக்கால எரிவாயுவில் கழித்தாரோ,
பிக்கப்பின் டயரில் கழித்தாரோ.
எழுதும்மா, என்றார்.

படிவத்தில் அதற்கு இடமில்லை.
‘கோரும் குறைப்பு’ என்று ஒரே கட்டம்,
அச்சிலேயே ஒரு கழித்தல் குறி.
அதன் குறுக்கே
செங்குத்தாக ஒரு கோடு இழுத்தேன்.

ஏற்கப்பட்டது, மூன்றுக்குப் பூஜ்யம்.
போகிற வழியில் கீத்திடம் நின்றார்.
நாய் கடிக்காது, என்றார்.

அடுத்து வந்தவர் தொண்டையைச் செருமி,
கூரை, என்று தொடங்கினார்.

அன்றிரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.
அவர் பங்கு ஏறியதில்
இந்த வருடம் என் வரி குறையும்:
ஒன்றரை சென்ட்.