அலகு எட்டாத இடம்

கூண்டின்மேல் கம்பளி, கம்பளிமேல் பனி.
ஔலு நகரில் அன்று மைனஸ் இருபத்தாறு.
"கறிக்கடையிலிருந்து தப்பி வந்தவள் மாதிரி இருக்கிறாள் டாக்டர்"
என்று சிரிக்கப் பார்த்தார் ஒஸ்மோ ரௌத்தியோ.
சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கம்பளியை விலக்கினேன்.
சாம்பல் கிளி. வயது பதினொன்று. பெயர் முஸ்திக்கா,
ஆகஸ்டில் எங்கள் காட்டில் பழுக்கும் நீலப்பழம்.
மார்பு மொட்டை. தொடை மொட்டை.
இறக்கைக்கு அடியில்
குளிரில் புல்லரித்த முழங்கை மாதிரித் தோல்.
தலை மட்டும்
கல்யாணத்துக்குக் கிளம்பியவளின் தலை.
ஓர் இறகு கலையவில்லை.

தலையும் கொட்டியிருந்தால்
வேறு திசையில் தேடத் தொடங்கியிருப்பேன்.
தன் அலகு தன் தலைக்கு எட்டாது.
எட்டிய இடத்தையெல்லாம்
அவளேதான் பிடுங்கியிருக்கிறாள்.

இருந்தாலும் இரத்தம் எடுத்தேன்: வைரஸ் இல்லை.
எக்ஸ்ரே எடுத்தேன்: விழுங்கிய உலோகம் ஏதுமில்லை.
கல்லீரல் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தது.
"என்ன கொடுக்கிறீர்கள்?"
"சூரியகாந்தி விதை. அவளுக்கு அதுதான் பிடிக்கும்."
"எனக்கும் சாக்லேட் பிடிக்கும்" என்றேன்.

எத்தனை மணிக்குத் தூங்குவாள்?
யோசித்தார்.
காகித ஆலையில் மூன்று ஷிப்ட் அவருக்கு.
"போகும்போது விழித்திருப்பாள்,
வரும்போதும் விழித்திருப்பாள்."
அதற்குள் கூண்டிலிருந்து
பீப், பீப், பீப்.
லாரி பின்னால் வரும் சத்தம்.
பழக்கதோஷத்தில் ஒஸ்மோ ஓரமாய் ஒதுங்கினார்.
அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே சரக்கு முற்றமாம்,
இரவெல்லாம் விளக்காம்.

"காற்றில் எவ்வளவு ஈரம்?"
"ஈரமானி இருக்கிறது. சவுனாவில்."
"கூடத்தில் மாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்."
மாலையில் கூப்பிட்டார்.
பதினெட்டு சதவீதம்.
அக்டோபரிலிருந்து ஹீட்டர் குடித்த காற்று.
மழைக்காட்டுக்காகத் தைத்த தோல் அது.
அரிக்காமல் என்ன செய்யும்?

கழுத்தில் பட்டை கட்டினால் நின்றுவிடுமா என்று கேட்டார்.
புண் இருந்தால் கட்டலாம், புண் இல்லை.
பட்டை அலகைத்தான் தடுக்கும்,
அரிப்பையும் அலுப்பையும் அல்ல.

சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
காலையில் வெதுவெதுப்பாய்ச் சாரல்.
பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, கெட்டித் திரை.
விதையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், பட்டினி கிடப்பாள்;
தினம் எடை பாருங்கள்.
ஆலையில் அச்சடிக்காத காகிதம் கிடைக்குமே,
அதில் பாதாமைச் சுருட்டி ஒளித்து வையுங்கள்.
கிழிக்கட்டும். அலகுக்குக் கிழிக்க ஏதாவது வேண்டும்,
கிடைக்காவிட்டால் அவளையே அவள் கிழிப்பாள்.
பிடுங்கும்போது மட்டும்
"வேண்டாம் வேண்டாம்" என்று ஓடி வராதீர்கள்.
நீங்கள் ஓடி வருவதுதான் அவளுக்குப் பரிசு.

கடைசி வரியை
அங்கேயே நின்று நெடுநேரம் படித்தார்.

ஏப்ரலில், தெருவெல்லாம் சேறாய் உருகிக் கிடக்க,
திரும்பி வந்தார்கள்.
"முள் முளைத்திருக்கிறது!"
முள் இல்லை ஒஸ்மோ, குருத்திறகு.
உள்ளே இரத்தம் ஓடுகிறது, விரல் வைக்காதீர்கள்.
உறையை அவளே உரித்துக்கொள்வாள்.

இடது மார்பில் ஓர் உள்ளங்கை அகலம்
இனி வராது.
திரும்பத் திரும்பப் பிடுங்கிய குழி
ஒருநாள் மூடிக்கொள்ளும்.
இதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன்.
இரண்டாவது முறைதான் காதில் விழுந்தது.
பேசாமல் கம்பளியை மடித்தார்,
ஓரத்தோடு ஓரம் சேராமல், மறுபடி பிரித்து மடித்தார்.

மே மாதம் குறுஞ்செய்தி வந்தது:
நேற்று மூன்று பிடுங்கினாள். முந்தாநாள் ஒன்றுமில்லை.
ஈரம் நாற்பத்தாறு.
சவுனாச் சுவரில் இப்போது
ஆணி மட்டும்தான் இருக்கிறது.