மூன்றாம் சனல்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன
தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிய
இரண்டு கறுப்புக் கட்டைகள்.
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.
ஒன்றைக் கித்தாரில் செருக வேண்டும், மற்றதை அம்பில்.
நடுவில் கிடந்த இருபதடி வயர்
இனிக் காற்று.

"விலைக்கேத்த காத்துத்தான் வரும்" என்றான்
டெரன்ஸ் பல்தசார், ட்ரம்மின் தோலை இறுக்கிக்கொண்டே.
அவனுக்கென்ன,
இருந்த இடத்திலேயே இருந்து அடிப்பவன்.
நான் பதினொரு வருசம்
கட்டிப்போட்ட மாடு கயிறளவுக்குப் புல்லை மொட்டையடிப்பதுபோல
மேடைக்கு மேடை ஒரே வட்டத்தைத் தேய்த்தவன்.
நிலாவெளியில் ஒருமுறை
மாப்பிள்ளையின் தாய்மாமன் வயரில் தடக்கி
கேக்கின் மேல் விழுந்தார்.
அன்றைக்குச் சம்பளம் இல்லை.

சார்ஜ் ஏறும்போது சிவப்பு, நிறைந்தால் நீலம்.
நாலு மணித்தியாலம் தாங்கும் என்று பெட்டியில் இருக்கிறது.
இரண்டரை தாங்கும்.
பையில் இரண்டு டோர்ச் பற்றறி இருந்ததற்காக
மூதூர்த் துறையில் அப்பாவை
ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினார்கள், அது வேறு காலம்.
இப்போது பற்றறி என் கித்தாரின் இடுப்பில்
கண்சிமிட்டிக்கொண்டே சென்றியைத் தாண்டுகிறது.
காவலுக்கு நின்ற பொடியன்
வெறும் வயிற்றில் விரலோட்டிக் காட்டுகிறான்:
கச்சேரியா?

உப்புவெளி. ஹோட்டல் புல்தரை. கல்யாண இரவு.
இரண்டாவது பாட்டில் இறங்கினேன்.
படி, புல், பிறகு மணல்.
பின்னால் எதுவும் இழுக்கவில்லை.
சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுக்கக்
கை இல்லாததால் அங்கேயே விட்டேன்.

சனம் எழும்பி ஆடத் தொடங்க
ஒலி அறுந்து அறுந்து வந்தது.
மனுச உடம்பில் தண்ணி கூட,
இந்த அலை தண்ணிக்குள் செத்துப்போகும் என்று
கீபோர்டு பர்ஹான் பின்னேரமே சொல்லியிருந்தான்.
ஆட்கள் மறைக்காத பக்கமாய், கடல் ஓரமாய் ஒதுங்கினேன்.
விரல் இங்கே தட்டுகிறது,
சுரம் அங்கே மேடையில் பிறந்து
ஆறுதலாய் நடந்து என்னிடம் வருகிறது.
என் கைக்கு நானே பிந்திப்போனேன்.

பிறகு சோலோ.
கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.
திறந்தபோது
டெரன்ஸ் இரண்டு குச்சியையும் உயர்த்தி ஆட்டுகிறான்,
கித்தார் வரவேண்டிய இடத்தைக் கிறிஸ்டெல்லா
லா லா என்று நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.
ஆனால் என் சோலோ கேட்கிறது.
இழுத்தேற்றிய இரண்டு வள்ளங்களுக்கு அப்பால்
பக்கத்து ஹோட்டலில்
யாரோ பாடும் பைலாவின் நட்டநடுவில்
தாளமும் சேராமல் சுருதியும் சேராமல்
வெட்கமில்லாமல் கேட்கிறது.
அங்கே ஒருத்தர் விசில் வேறு அடிக்கிறார்.

வள்ளங்களுக்கு இடையால்
ஒரு நீல வெளிச்சம் சிமிட்டிச் சிமிட்டி வந்தது.
வெள்ளைக் கோட், வெறுங்கால்,
இடுப்பில் அதே கட்டை.
கந்தளாய்ப் பாண்ட், பெயர் இந்துனில்.
முதலில் என் கட்டையைப் பார்த்தான், பிறகு என்னை.
"கீயட்டத மச்சங் கத்தே?"
விலையைச் சொன்னேன்.
அவன் எண்ணூறு ரூபா குறைத்து வாங்கியிருந்தான்.
அது கொஞ்சம் எரிந்தது.

மொத்தம் நாலு சனல்.
நாலாவது ஹோட்டலின் வைஃபையோடு முட்டும்.
இரண்டாவது ஏனென்று தெரியாமல் இரையும்,
அவனுடையதிலும் அப்படித்தானாம்.
அவன் ஒன்று, நான் மூன்று.
இருட்டில் குனிந்து பொத்தானை அழுத்திப் பிடித்து
இரண்டு பேரும் சிமிட்டலை எண்ணினோம்,
அவன் சிங்களத்தில், நான் தமிழில்.
நான் ஒன்று கூட எண்ணிவிட்டேன்.
திரும்பவும் முதலிலிருந்து.

மேடையேறி இரண்டு பாட்டு. பற்றறி செத்தது.
டெரன்ஸ் ஒன்றும் சொல்லவில்லை,
பழைய வயரைக் காலால் தள்ளிவிட்டான்.
கடைசிப் பாட்டை
மணல் ஒட்டிய காலோடு இருபதடிக்குள் நின்று வாசித்தேன்.
நடுநடுவே காற்றில் பக்கத்துப் பைலா வந்தது.
ஒன்றாம் சனலில், தெளிவாக.
அந்தச் சோலோவில் நான் இழுத்து வளைத்த ஒரு சுரத்தை
அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.
இரண்டு தரம் கேட்டேன்,
சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான்.