இருபத்தெட்டாம் நாள்

கொழிஞ்சாம்பாறை தாண்டி மூன்றாவது வளைவில்
அறுபத்திரண்டு மீட்டர் இறகு
பத்தொன்பது நாள் திரும்ப முடியாமல் நின்றது.
தலை தார்ச்சாலையில்,
வால் தெய்வசிகாமணிக் கவுண்டரின் வேலிக்கு மேலே.
பள்ளிப் பிள்ளைகள் அதன் நிழலில்
பஸ்ஸுக்கு நின்றார்கள்.

நான் கோரிக்கைப் பிரிவு.
தொலைந்த நாட்களுக்கு விலை போடுகிறவள்.
இறகு டென்மார்க்கினுடையது,
சட்டம் லண்டனுடையது,
சண்டை வந்தால் சிங்கப்பூரில் பேச வேண்டும்.
காற்று மட்டும் பாலக்காட்டுக் கணவாயுடையது.
நானூற்றுப் பதினொரு பக்க ஒப்பந்தத்தில்
அதற்குக் கையெழுத்து இல்லை.

வினாடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால்
கிரேன் தூக்கக் கூடாது.
காற்றைத் தேடி வந்துவிட்டு
காற்று அதிகம் என்று கெடு நீட்டிக் கேட்கலாம்தான்.
ஆனால் ஆடியில் அம்மி பறக்கும் ஊரில்
'எதிர்பாராத வானிலை' என்று எழுதினால்
எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.
அதனால் தென்னையை எழுதினேன்.

வளைவின் உட்பக்கம் நான்கு மரம்.
நான்கிலும் கள்ளுப் பானை.
"மரம் கவுண்டருடெ, பாளை என்டெ,
சிங்ஙம் கழியும் வரே" என்றார் அப்புக்குட்டன்.
காகிதம் இருக்கிறதா என்றேன்.
வாக்கு இருக்கிறது என்றார்,
கவுண்டரும் ஆமாம் என்றார்.
என் பதினாறு ஆண்டு வேலையில்
இரு தரப்பும் ஒரே வாசகத்தைச் சொல்லிக் கேட்டது
அந்த ஒரு முறைதான்.

பாதை தருவது உரிமையாளர் பொறுப்பு.
நாளொன்றுக்கு இருபத்தோரு லட்சம்,
பெருக்கல் பத்தொன்பது.

சிக்கந்தரின் தள நாட்குறிப்பு பென்சிலில் இருந்தது.
'பதினைந்தாம் நாள். மரம் வெட்டியாச்சு.
ட்ரெய்லர் அச்சு முறிவு. சாமான் சென்னையிலிருந்து வரணும்.'
பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது:
'சாமான் வரலை.'
அந்த நான்கு நாள் எங்களுடையது.
ஹென்ரிக் போனில் மெதுவாகத்தான் கேட்டார்:
அந்தப் பக்கத்தை இணைக்கத்தான் வேண்டுமா?

இருபத்தெட்டாம் நாளுக்குள் அறிவிப்பு போகாவிட்டால்
உரிமையே போய்விடும்.
அன்று மாலை அப்புக்குட்டன் வந்தார்.
ஸ்கூட்டர் கைப்பிடியில் நான்கு பானை, காலி.
இழப்பீடு பட்டாதாருக்குப் போய்விட்டது.
ஒன்றரை மாதக் கள் யார் கணக்கு,
அதற்கு எந்த ஃபாரம் என்று கேட்டார்.
என்னிடம் முப்பத்தியாறு ஃபாரம் உண்டு.
கிரேன் சும்மா நின்றதற்கு ஒன்று,
ஆள் சும்மா இருந்ததற்கு ஒன்று,
யூரோ ஏறியதற்குக்கூட ஒன்று.
அவர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை.
இதை எப்படிச் சொன்னாலும் வசவு மாதிரிதான் இருக்கும்.
தேநீர் குடிக்கிறீர்களா என்றேன்.
வேண்டாம் என்று போய்விட்டார்.

இரவு பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
மின்சாரத் திட்டத்தின் கோரிக்கையை
செல்போன் வெளிச்சத்தில் முடித்தேன்.
பத்தொன்பது என்று அடித்து
அழித்து
பதினைந்து என்று அடித்தேன்.
சிக்கந்தரின் பக்கம் இணைப்பு ஏழு.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.
நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம்;
பென்சிலை மறைத்தால் சிங்கப்பூரில் தோற்போம்.
அதுவும் ஒரு காரணம்.

காலையில் சிக்கந்தர் எழுதிக்கொண்டிருந்தான்.
'காற்று மூன்று மீட்டர். தூக்கலாம்.'
நேற்று அப்புக்குட்டன் வந்ததை எழுது என்றேன்.
எந்தக் கட்டத்தில் அக்கா என்றான்.
வானிலை, ஆட்கள், இயந்திரம், விபத்து
எல்லாம் விரல் வைத்துப் பார்த்தோம்.
பிறகு ஓரத்தில்,
கட்டத்துக்கு வெளியே,
நேரத்தோடு எழுதினான்.