பக்கம் நாற்பத்து மூன்று

எழும்பூர் கோர்ட்டில் அன்று
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
நான் தைத்த புத்தகத்தைப் புரட்டினார்
அரசு வக்கீல் கோதண்டபாணி.

கணக்கு பொய்யென்று ஒருமுறையும் சொல்லவில்லை.
"யார் கொடுத்தது?"
மூன்று வாய்தாவிலும் அது ஒன்றுதான்.

இருதயராஜ் சார் வாய் திறக்கவில்லை.
ஜாமீனில் வந்து
ஐஸ்ஹவுஸ் ஸ்டேஷனில் தினம் பத்தரைக்குக் கையெழுத்து,
முழங்கால் தண்ணீரிலும்
மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும்.
அச்சகத்தில் அள்ளிப்போன பட்டியலில்
பதினேழாவது, என் பசை டப்பா.

நேற்று சைதாப்பேட்டையில் கூட்டம்.
கட்சி மாறிய கோதண்டபாணி,
இப்போது தலைவர் கோதண்டபாணி,
ஆஸ்பத்திரிக் கட்டில் வாங்கிய கணக்கை வாசிக்கிறார்.
கட்டிலுக்கு எவ்வளவு,
அதில் யாருக்கு எவ்வளவு.
வரிக்கு வரி கைதட்டல்.
அட்டையில் கோர்ட் சீட்டைக் கிழித்த தழும்பு.
அதே பிரதி.
அதே எச்சில் விரல்.

அந்தப் பக்கத்தில் தையல் கொஞ்சம் கோணல்,
எனக்குத் தெரியும்.
"யார் கொடுத்தது?" என்று கத்தத் தோன்றியது.
பஸ் வந்துவிட்டது.

ராத்திரி சாரிடம் சொன்னேன்.
சாதத்தில் மோர் ஊற்றியபடி
வெகுநேரம் சிரித்தார்.
"டப்பாவைக் கேட்டியா?"