சேதத்தின் விபரம்

சுங்கப் பகுதியில் இருந்த மனிதர்
பொதியை விரலால் தட்டிப் பார்த்தார்.
"சாப்பாட்டுக் கோப்பையா?"
இல்லை ஐயா, இசைத்தட்டு.
"பெறுமதி?"

என்ன சொல்ல.
முந்நூறு பிரதி அடித்து
நாற்பத்தொன்று விற்றதாக எழுதியிருந்தான் அனோஜன்.
மிச்சம் மெல்பேர்ணில், அவனுடைய கட்டிலுக்குக் கீழே.
கட்டிலும் இரவல்.
ஐந்நூறு ரூபாய் என்று நிரப்பினேன்.
தீர்வையாக எழுநூற்றைம்பது எடுத்தார்கள்.

உறையையும் அவனே அச்சிட்டிருந்தான்,
பட்டுத்திரையில், பச்சை மையில்,
மூலையில் காயாமல் அழுந்திய ஒரு விரல்ரேகையோடு.
"ஈரச்சுவர்" என்று எங்கள் பெயர் தமிழில் பெரிதாக,
ஆங்கிலத்தில் எறும்பளவு.
உள்ளே துண்டுக் கடதாசி:
"இங்கே ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது.
அதுக்காகவே வாங்குதுகள்."

அவன் இருக்கிற தெருவில்
மூடிப்போன பேக்கரிக்குள் ஒரு வானொலி நடக்கிறதாம்.
விளம்பரம் கிடையாது.
கேட்கிறவர்களே காசு கட்டுகிறார்கள்.
வியாழன் இரவுகளில் இவன் தொலைபேசி எடுக்கிறான்,
பிறகு தரை கூட்டுகிறான், சம்பளம் இல்லை.
விசாவும் அப்படித்தான்,
வரும் வரும் என்கிறது.

போன மாதம் விடியப்புறம் இரண்டு மணிக்கு
எங்கள் பாட்டைப் போட்டார்கள்.
இங்கே அப்போது இரவு ஒன்பதரை.
மின்வெட்டு. நான் வாளியில் உடுப்பு ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.
அங்கே யாரோ ஒரு பெண் அழைத்து,
நடுவில் வருகிற அந்த வாத்தியம் என்ன,
எந்த நாட்டினுடையது என்று கேட்டாளாம்.

அது வாத்தியம் இல்லை.
மாத்தறைக்குப் போகிற ரயில்.

வெள்ளவத்தையில், கடல் பக்க ஒழுங்கையில்,
டயர் கடைக்கு மேலே எங்கள் அறை.
சுவரெல்லாம் முட்டை மட்டை ஒட்டினோம்.
ஜன்னலுக்கு மெத்தை கட்டினோம்.
ரயில் மெத்தையை மதிப்பதில்லை.
மூன்று இரவு அழித்து அழித்துப் பதிந்தோம்.
நாலாம் இரவு ருக்‌ஷான் குச்சிகளை எறிந்துவிட்டுச் சொன்னான்:
"விடு மச்சான். கோச்சியும் வாசிக்கட்டும்."
அடுத்த கிழமை அனோஜன் விமானம் ஏறினான்.

இப்போது தட்டு கையில் இருக்கிறது.
சுழற்றத்தான் பெட்டி இல்லை.
கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் இருந்தது, ஊசி இல்லை.
கோட்டையில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் இருந்தது,
பித்தளைக் குழலோடு, குழலுக்குள் பிளாஸ்டிக் பூவோடு.
"தொட வேண்டாம் மிஸ்."

பகலில் நான் காப்புறுதிக் கொம்பனியில்
மற்றவர்களின் விபத்துகளை நிரப்புகிறவள்.
வெற்றுப் படிவம் ஒன்றைச் சுருட்டிக் கூம்பாக்கினேன்.
நஸ்லியா கிற்றாரைச் சாய்த்து வைத்துவிட்டு
முக்காட்டில் மேலதிகமாய்க் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி
கூம்பின் நுனியில் செருகினாள்.
பென்சிலுக்குக் கடதாசி சுற்றித் தடிப்பாக்கி
நடுத்துளையில் நிறுத்தினோம்.
ருக்‌ஷான் சுண்டுவிரலால் சுழற்றினான்.
ட்ரம்ஸ்காரன், அவனுக்கே வேகம் பிடிபடவில்லை.

முதலில் எண்ணெய் பொரிகிற சத்தம்.
பிறகு சளி பிடித்தவன் மாதிரி அனோஜன்,
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
என் பேஸ் இல்லவே இல்லை,
எங்கோ கடதாசிக்குள் படுத்துவிட்டது.
பிறகு, தெளிவாக,
எங்கள் எல்லாரையும் விலத்திக்கொண்டு
ரயில்.

நஸ்லியா சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை.
ஊசி போன வழியில் வெள்ளையாய் ஒரு கீறல்.
ஒருமுறை கேட்டால் ஒருமுறை தேயும்,
மூவருக்கும் தெரியும்.

ருக்‌ஷான் விரலை விளிம்பில் வைத்தபடி
என்னைப் பார்த்தான்.
கூம்பின் வெளிப்புறத்தில், தலைகீழாக,
சிங்களம், ஆங்கிலம், மூன்றாவதாய்த் தமிழில்:
சேதத்தின் விபரம்.
அதற்குக் கீழே
நிரப்பாத நாலு கோடு.

"போடு" என்றேன்.