கல் கிரா

ஜெகதேவி சாலையில் பாலிஷ் ஷெட்டை ஒட்டி
எட்டுக்குப் பத்து அறை.
வருகைப் பதிவேடு, சம்பளக் கவர், முதலுதவிப் பெட்டி,
மூன்றுக்கும் நான்தான்.
பெட்டியில் இருப்பது டெட்டால் மட்டும்.

திங்கட்கிழமை பைஜ்நாத் வந்து நின்றான்,
இடது கையைத் துண்டில் தொட்டில் கட்டிக்கொண்டு.
என்னாச்சு என்றேன்.
கல் கிரா என்றான்.

கிரா எனக்குத் தெரியும்.
கிரேன் பெல்ட் அறுந்த அன்று
ஷெட் முழுக்கக் கத்திய சொல். விழுந்தது.
இன்னொன்றுதான் தெரியாமலிருக்குமா
கிருஷ்ணகிரியில் பிறந்தவளுக்கு?
விபத்துப் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில்
குண்டு எழுத்தில் எழுதினேன்:
கல் விழுந்தது.

இந்த வேலையில் காதை நம்பக் கூடாது.
குப்பத்து லாரிக்காரர் முனிரெட்டி
கள்ளு மண்டுதுன்னாயி என்றபோது
பட்டப்பகலிலேயேவா என்று கேட்டுவிட்டேன்.
எரிகிறது என்று கண்ணைக் கசக்கிக் காட்டினார்.
தெலுங்கில் கண்களுக்கு அதுதான் பெயராம்.
தூள் விழுந்த கண்கள்
குடித்தவை போலவே சிவந்திருந்தன.
எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

ஆனேக்கல் பசப்பாவிடம் வம்பில்லை.
அவருக்கும் கல்லு கல்லேதான்.
மகனைப் போனில் கலி, கலி என்று விரட்டுவார்;
படி என்கிறாராம்.
நாங்கள் படித்த பள்ளிச் சுவரில்
வாசகம் ஒன்றின் முன்பாதி உரிந்துபோய்
கல் என்ற கட்டளை மட்டும் நின்றது.
ஒரே மதியத்தில்
இரண்டு பொருளையும் நிறைவேற்றினோம்.
ஓட்டுக்கூரைக்கு அபராதம் நாற்பது ரூபாய்.

புதன்கிழமை டீ கொண்டுவந்த மஸ்தான் பாய்
கதையைக் கேட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.
"கல்னா நேத்து, மேடம்.
நேத்து விழுந்தேன்னு சொல்லியிருக்கான்.
ஞாயித்துக்கெழம, ரூம் மாடிப்படியில,
தண்ணி கேனோட."
கொஞ்சம் கழித்து,
"கல்னா நாளைக்கும்தான்."
அது எப்படி, எதுவென்று யாருக்குத் தெரியும்?
"பின்னாடி வர்ற வார்த்தை சொல்லும்.
அதுவரைக்கும் பொறுக்கணும்."

ஒரே சொல்லில் நேற்றையும் நாளையையும்
வைத்துக்கொண்டு
எப்படித்தான் கடன் வாங்குகிறார்கள்
என்று யோசித்தேன்.
வேரில் அது விடியற்காலையாம்.
எந்த விடியல் என்று
வேரும் சொல்லவில்லை.

படிவம் ஏற்கெனவே போயிருந்தது.
திருத்த ஒரு போன் போதும்.
மாடிப்படிக்குக் காப்பீடு கிடையாது.
கல்லுக்கு உண்டு.
போனை எடுத்து, சார்ஜ் எவ்வளவு என்று பார்த்து
வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார்.
எந்தக் கல்?
பசப்பா வெற்றிலை எச்சில் பட்ட கருங்கல்லைக் காட்டினார்.
அதே நொடியில் முனிரெட்டி
வேறொரு சாம்பல் நிறத்தைக் காட்டினார்.
ரெண்டும்தான் என்றேன், ஒன்றன்மேல் ஒன்றாக.
பைஜ்நாத் ஒன்றும் புரியாமல்
எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.
அவன் மட்டும்தான் பொய் சொல்லவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால், புளிய மரத்தடியில்
வில்லோடு ஒருவன் நிற்கிறான், இடுப்புவரை மண்ணில்.
படிக்க வந்தவர்கள் எழுத்தில் தடவிய சுண்ணாம்பு
இன்னும் போகவில்லை.
ஊரும் பெயரும் தேய்ந்தவை.
கடைசி இரண்டு சொற்கள் மிச்சம்.
சாப்பாட்டு நேரத்தில் பைஜ்நாத் கேட்டான்,
என்ன எழுதியிருக்கிறது?
விரல் வைத்துப் படித்தேன்:
பட்டான் கல்.
பட்டான் என்றால்? கீழே விழுந்து காட்ட முடியாது,
கிரா என்றேன்.
அவன் தன் கட்டைப் பார்த்தான். வில்காரனைப் பார்த்தான்.
"இவனும் நேத்தா?"

ஆமாம் என்றேன்.
அதைவிடச் சரியாக ஒருவரும்
அதைப் படித்திருக்க முடியாது.

சோற்றுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே
பணம் எப்போது வரும் என்றான்.
கல் என்றேன்.
பின்னால் வரவேண்டிய வார்த்தை
எனக்கு இன்னும் தெரியாது.